கறிச்சட்டியின் மேல் விழும் பழி

ரொறன்ரோவில் வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது என்று ஒரு குடும்பம் முறையிட்டால், திருத்தவேலைக்கு முன்னால் விசாரணை நடக்கும். என்ன சமைக்கிறீர்கள்? சட்டியை மூடிச் சமைக்கிறீர்களா? உடுப்பை வீட்டுக்குள் காயப்போடுகிறீர்களா? குளித்த பிறகு ஃபேன் போடுவதுண்டா? யன்னலைத் திறக்கிறீர்களா? மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? இவற்றுக்கு என்ன பதில் சொன்னாலும் தீர்ப்பு முன்கூட்டியே தயார்: ஈரம் உங்களால் வந்தது, துடைப்பதும் உங்கள் வேலை. தொடர்மாடிகளை நடத்தும் நிறுவனங்கள் மட்டும் இப்படிச் சொன்னால் அதை வியாபாரம் என்று விட்டுவிடலாம். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடும் எங்கள் தமிழ் வீட்டுக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வெட்கப்பட்டு இதையே நம்புகிறார்கள். “எங்கட ஆக்கள் கறி கொதிக்க வைக்கிற விதத்துக்குச் சுவர் பூக்காமல் என்ன செய்யும்” என்ற பேச்சு ஸ்காபரோவில் அறிவுரை போலவே புழங்குகிறது. இந்தக் கருத்து பிழையானது. அதை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வீட்டில் வளரும் பிள்ளையின் மூச்சைப் பாதிக்கிறது என்பதால்தான் இதை முழுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

அதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்ளலாம். நாலு பேர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், தோய்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் அளவில் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். சோறு வடிப்பவருக்கும் பாஸ்ரா அவிப்பவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மனிதர் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து வாழ்வதற்காகத்தான் வீடு கட்டப்படுகிறது. அந்த ஆவியை வெளியே அனுப்ப முடியாத கட்டடம் குறையுள்ள கட்டடம். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. பூஞ்சணம் முளைப்பது சுவரின் மேற்பரப்பில். ஆகவே அறைக் காற்றின் ஈரப்பதத்தோடு அந்த மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. அறை 21 பாகை, ஈரப்பதம் 50 வீதம் என்று வைத்துக்கொள்வோம். யாரும் பெரிதாகக் குறை சொல்லாத அளவு இது. அந்தக் காற்று 10 பாகைக்குக் குளிர்ந்த ஓர் இடத்தைத் தொட்டால் தண்ணீராகவே வடியும். பூஞ்சணத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 வீதத்தில் நாட்கணக்காக நின்றால் போதும். மேலே சொன்ன அறையில் சுவரின் ஒரு மூலை 13, 14 பாகைக்கு இறங்கினாலே அந்த நிலை வந்துவிடும். குளிர்காலத்துக்குக் கனடாவின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா சொல்லும் 30 வீதத்துக்கே ஈரப்பதத்தைக் குறைத்தாலும், மூலை 6 பாகைக்கு இறங்கும் வீட்டில் பூஞ்சணம் முளைக்க வழி இருக்கிறது. சுவர் ஏன் அவ்வளவு குளிர்கிறது என்ற கேள்விக்குக் குசினியில் பதில் கிடையாது.

பதில், இந்த நகரம் கட்டப்பட்ட முறையில் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1970கள் வரை ரொறன்ரோ ஆயிரத்துக்கு மேற்பட்ட கொங்கிறீற் தொடர்மாடிகளை எழுப்பியது. சென் ஜேம்ஸ் ரவுன், தோர்ன்கிளிஃப் பார்க், ஃபிளெமிங்டன் பார்க், ஸ்காபரோவின் பெருந்தெரு ஓரங்கள் என எல்லாம் அந்தக் காலத்தவை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எமது மக்களில் பலருக்கு வெலஸ்லி, பார்லமென்ட் தெருக்களை ஒட்டிய அந்த மாடிகள்தான் கனடாவின் முதல் முகவரி. எரிபொருள் மலிவாக இருந்த காலத்துக் கட்டடங்கள் அவை. வெளிச்சுவரில் இன்சுலேஷன் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. வீட்டுத் தளத்தின் கொங்கிறீற்றே வெளியே நீண்டு பல்கனியாகிறது. சனவரிக் குளிர் அந்தத் தளத்தின் வழியே நேராகப் படுக்கையறை மூலைக்குள் ஏறுகிறது. வெளியே −15 பாகை என்றால் ஒற்றைக் கண்ணாடி யன்னலின் உட்புறம் உறைநிலைக்கும் கீழே போகும். காற்றோட்டமோ, கூரையில் இருக்கும் இயந்திரம் வெளிக்காற்றைச் சூடாக்கி நடைபாதைகளுக்குள் தள்ள, அது ஒவ்வொரு வீட்டுக் கதவின் அடி இடைவெளியாலும் உள்ளே நுழையும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. இயந்திரம் பழசாகிவிட்டது, செலவைக் குறைக்க அதன் வேகத்தையும் குறைத்துவிடுகிறார்கள், பக்கத்து வீட்டுப் புகையும் வாசமும் வராமலிருக்கக் கதவிடுக்கு அடைக்கப்படுகிறது, குளியலறைக் காற்றுக்குழாய் பல வருடத் தூசியால் நிரம்பியிருக்கிறது. இதற்கு மேல் மின்கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று இறுக்கமான புது யன்னல்களைப் பூட்டிவிட்டுக் காற்றோட்டத்தை மட்டும் பழையபடி விட்டுவிடும் திருத்தங்களும் நடக்கின்றன. முன்பு யன்னல் ஓட்டைகளால் போய்வந்த காற்றும் அதோடு நின்றுவிடும். ஈரம் எங்கே போகும்?

இதைத் திருத்த முடியாது என்பதும் பொய். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்தில், ஹமில்டன் நகரில், கென் சோபிள் கோபுரம் நிற்கிறது. 1967இல் கட்டப்பட்ட 18 மாடிக் கட்டடம், 146 வீடுகள், நகரத்தின் பொது வீடமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். பூஞ்சணமும் அஸ்பெஸ்ரசும் மலிந்து ஆட்கள் இருக்க முடியாத நிலைக்கு வந்த அந்தக் கட்டடத்தை இடிக்காமல், வெளிச்சுவர் முழுவதையும் தடித்த இன்சுலேஷனால் மூடி, மூன்றடுக்குக் கண்ணாடி யன்னல் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரடியாகப் புதுக்காற்று வரும்படி மாற்றி, 2021இல் முதியோர் குடியிருக்கத் திறந்தார்கள். சுவர் சூடாக இருந்து, காற்றும் ஓடுகிற வீட்டில் யார் எதைச் சமைத்தாலும் ஈரம் தங்க இடம் கிடைக்காது. யாருக்கும் சமையல் பாடம் நடத்தி அந்தக் கோபுரத்தைத் திருத்தவில்லை.

பேஸ்மென்ற் வீடுகளின் கதை வேறு, ஆனால் முடிவு ஒன்றுதான். நிலத்துக்குக் கீழே இருக்கும் சீமெந்துச் சுவருக்கு ஈரம் வெளியிலிருந்துதான் முதலில் வருகிறது: கூரைத் தண்ணீரைச் சுவரடியிலேயே கொட்டும் பீலி, வீட்டை நோக்கிச் சரிந்த முற்றம், வெடித்த அத்திவாரம், மழைக்குத் திரும்பி ஏறும் கழிவுக்குழாய். 2013 யூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் ஒரே மாலையில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 யூலை 16இல் ஏறத்தாழ நூறு மில்லிமீற்றர். இரண்டு நாட்களிலும் எண்ணற்ற நிலவறைகளுக்குள் தண்ணீர் ஏறியது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது திருத்தவேலை செய்பவர் எல்லோருக்கும் தெரியும். ஜிப்சம் பலகையின் இரு பக்கமும் கடதாசி. கடதாசி என்பது மரநார். மரநார் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. நனைந்த பலகையை வெட்டி எடுக்காமல் மேலே பெயின்ற் அடித்து, கம்பளத்தை ஹீற்றர் வைத்துக் காயவைத்து, அடுத்த மாதமே புதுக் குடும்பத்துக்கு விட்டால், அந்தக் குடும்பம் முந்திய மழையின் ஈரத்தோடுதான் குடிபுகுகிறது. யன்னலைத் திறவுங்கள் என்ற அறிவுரை இங்கே முற்றிலும் தலைகீழாகப் போகிறது. புழுக்கமான யூலை நாளில் வெளிக்காற்று தாங்கியிருக்கும் ஈரம் 20 பாகையிலேயே நீர்த்துளியாகப் படியக்கூடியது. நிலத்தடிச் சுவர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் யன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்து சுவரில் படியும். குளிர்காலத்தில் வெளிக்காற்று வரண்டது, திறந்தால் ஈரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் −15இல் கைக்குழந்தை தூங்கும் அறையின் யன்னலைத் திறந்து வை என்று சொல்வது மருத்துவமும் ஆகாது, கட்டட அறிவும் ஆகாது.

இந்த ஈரம் மூச்சை என்ன செய்கிறது என்பது ஊகத்தில் விடப்பட்ட விஷயம் அல்ல. அல்டர்நேரியா, கிளடொஸ்போரியம், அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம் போன்றவற்றின் வித்துகளும், அவற்றைவிட நுண்ணிய உடைந்த துணுக்குகளும் காற்றில் ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. ஒவ்வாமை உள்ள உடலில் அவை ஆஸ்துமாவைக் கிளப்பும், மூக்கடைப்பும் தும்மலும் கண் அரிப்பும் தரும். ஒவ்வாமை இல்லாதவரின் மூச்சுக்குழாயையும் பூஞ்சணத்தின் செல்சுவரில் உள்ள குளூக்கன்களும், ஈரத்தில் பெருகும் பக்ரீரியாக்களின் நச்சுக்கூறுகளும் எரிச்சலூட்டி வீங்கவைக்கும். ஈரம் கூடிய வீட்டில் மெத்தையிலும் கம்பளத்திலும் தூசி உண்ணிகள் பெருகும். அவற்றின் கழிவு ஆஸ்துமாவுக்கு இன்னொரு தூண்டுதல். கனடாவிலேயே இதற்கு மிகப் பழைய சான்று உண்டு. 1988இல் முப்பது கனேடிய ஊர்களில் 13,495 பிள்ளைகளைப் பற்றித் திரட்டிய தகவலை ஒட்டாவா ஆய்வாளர் ரொபேட் டேல்ஸும் துணைவர்களும் 1991இல் வெளியிட்டார்கள். ஈரமோ பூஞ்சணமோ உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்ட அத்தனை மூச்சுக் குறிகளும் கூடுதலாக இருந்தன. வாய்ப்பு விகிதம் (1 என்றால் வித்தியாசம் இல்லை) மூச்சுக்குழாய் அழற்சிக்கு 1.32இல் தொடங்கி இருமலுக்கு 1.89 வரை போனது. 2004இல் அமெரிக்க மருத்துவ நிறுவகமும் 2009இல் உலக சுகாதார நிறுவனமும் அதுவரை வந்த சான்றுகளை எல்லாம் எடைபோட்டு, ஈர வீட்டுக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா மோசமடைதல் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தன. 2009ஆம் ஆண்டின் அறிக்கை புதிதாக ஆஸ்துமா தோன்றுவதையும் சுவாசத் தொற்றுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. வில்லியம் ஃபிஸ்க் குழு 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஈர வீடுகளில் மூச்சுப் பிரச்சினைகள் 30 முதல் 50 வீதம் வரை கூடியிருந்தன. மணத்தைக் கவனியுங்கள் என்றும் சான்று சொல்கிறது: 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தைவிடப் பூஞ்சண வாடைதான் பின்னால் ஆஸ்துமா வருவதோடு வலுவாகத் தொடர்புபட்டது. சுவருக்குள்ளேயும் கம்பளத்துக்கு அடியிலும் ஒளிந்திருப்பதை மூக்கு முதலில் அறிகிறது. ஆகவே கறை தெரியாத சுவரைக் காட்டி இங்கே ஒன்றுமில்லை என்று சொல்வது பதிலாகாது.

தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு என்று ஒருவர் மறுக்கலாம். நேர்மையான மறுப்பு அது. ஈர வீட்டில் இருப்பவர்கள் ஏழைகள். ஏழைகளின் வீட்டில் நெரிசல் உண்டு, புகைத்தல் உண்டு, கரப்பான் உண்டு, தெருப்புகை உண்டு. பிள்ளை இருமினால்தான் பெற்றோர் சுவரைப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லலாம். நல்ல ஆய்வுகள் இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் தொடர்பு மறையவில்லை. ஆனால் அதைவிடத் தெளிவான விடை வேறொரு வகை ஆய்வில் கிடைக்கிறது. ஈரத்தை நீக்கினால் நோய் குறைகிறதா என்று நேரடியாகவே பார்த்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லன்டில், பூஞ்சணம் உள்ள வீடுகளில் வாழ்ந்த ஆஸ்துமாப் பிள்ளைகள் 62 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரின் வீடுகளில் ஒழுக்கை அடைத்து, நனைந்த பலகைகளை அகற்றி, காற்றோட்டத்தைத் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு வழமையான மருந்தும் அறிவுரையும். 2006இல் வந்த முடிவின்படி, திருத்தவேலைக்குப் பின் கடும் ஆஸ்துமாத் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் திருத்திய வீடுகளில் 29 பேரில் ஒருவர், திருத்தாத வீடுகளில் 33 பேரில் 11 பேர். சிறிய ஆய்வுதான். பெரியது நியூசிலாந்தில் நடந்தது: பிலிப்பா ஹவ்டன்-சாப்மன் குழு வருமானம் குறைந்த ஏழு சமூகங்களில் 1,350 வீடுகளை எடுத்து, யாருக்கு முதலில் இன்சுலேஷன் போடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தது. 2007இல் வெளியான முடிவு: இன்சுலேஷன் கிடைத்த வீடுகள் சூடாகின, ஈரம் குறைந்தது, இழுப்பு குறைந்தது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. இந்த இரண்டு ஆய்வுகளிலும் யாருடைய சமையலையும் யாரும் மாற்றவில்லை. கூரையையும் சுவரையும் குழாயையும் மாற்றினார்கள். வாழ்க்கைமுறைதான் காரணம் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கிளீவ்லன்டில் மருந்தும் அறிவுரையும் மட்டும் பெற்ற பிள்ளைகளிடையேதான் கடும் தாக்குதல்கள் தொடர்ந்தன.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மிகை உண்டு. அதையும் தள்ளவேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர்களுக்கு வசதியான தப்பிக்கும் வழி அதுதான். கறுப்புப் பூஞ்சணம் கொடிய நஞ்சு, மூளையையும் நுரையீரலையும் அழிக்கும் என்ற பீதி 1990களில் அமெரிக்காவில் பரவியது. கிளீவ்லன்டில் சில குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்ததற்கு ஸ்ரக்கிபொட்றிஸ் என்ற கறுப்புப் பூஞ்சணம் காரணமாகலாம் என்று முதலில் சொன்ன அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், 2000இல் அந்த ஆய்வை மீளப் பார்த்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. இது சரியான திருத்தம். ஆனால் அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு இது கறுப்புப் பூஞ்சணம் இல்லை, பயப்படத் தேவையில்லை என்று சொல்வது ஏமாற்று. ஆஸ்துமாவுக்குப் பூஞ்சணத்தின் நிறம் பொருட்டல்ல. 2007இல் வந்த ஹெல்த் கனடாவின் வழிகாட்டல், காற்றில் இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் பாதுகாப்பு என்று எந்த எல்லையும் வகுக்க முடியாது என்று சொல்லி, எந்த இனமாக இருந்தாலும் ஈரத்தைக் கட்டுப்படுத்தி, நீர்ச் சேதத்தைத் திருத்தி, பூஞ்சணத்தை முழுதாக அகற்றும்படிதான் கேட்கிறது. அப்படியிருக்க, முதலில் ஆய்வுகூட அறிக்கை கொண்டு வா என்று குடியிருப்பவரை நூற்றுக்கணக்கான டொலர் செலவழிக்க வைப்பதற்கு எந்த மருத்துவ நியாயமும் கிடையாது. கண்ணில் படுகிறது, மூக்கில் படுகிறது, அது போதும்.

பழியைக் குடும்பத்தின் மேல் போடுவதன் விலை என்ன என்பதை இங்கிலாந்து கண்ணெதிரே கண்டது. ரொச்டேல் நகரில் சமூக வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் வீட்டில் வாழ்ந்த சூடானியக் குடும்பத்தின் குழந்தை அவாப் இஷாக், இரண்டு வயது நிரம்பிய ஒரு வாரத்தில், 2020 டிசெம்பரில் இறந்தான். தந்தை 2017இலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டிருந்தார். மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோஆன் கியர்ஸ்லி, வீட்டுப் பூஞ்சணத்துக்கு நீண்டகாலம் ஆட்பட்டதால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று தீர்த்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்கள் ஊகங்கள் செய்துகொண்டதாகவும் அது பிழை என்றும் நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. குடியேறிகள், ஏதோ ஒரு விதமாகக் குளிப்பார்கள், ஏதோ ஒரு விதமாகச் சமைப்பார்கள் என்ற அந்த ஊகம்தான் மூன்று வருடம் சுவரைத் திருத்தாமல் வைத்திருந்தது. அந்த மரண விசாரணைக்கு ஒரு வருடம் முன்பே, 2021 ஒக்ரோபரில், இங்கிலாந்தின் வீடமைப்புக் குறைகேள் அதிகாரி ஈரம் பற்றிய தமது அறிக்கையின் தலைப்பிலேயே இது வாழ்க்கைமுறை அல்ல என்று எழுதியிருந்தார். அவாபின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்து, ஆபத்தான ஈரத்தை விசாரிக்கவும் திருத்தவும் வீட்டு உடைமையாளருக்குக் கெடு விதிக்கிறது. கனடாவில் எந்த மாகாணமும் அப்படி ஒரு கெடுவைப் பூஞ்சணத்துக்கென்று சட்டமாக்குவதற்கு ஒரு குழந்தையின் மரணம் வரை காத்திருக்கக் கூடாது.

ஒன்ராறியோவில் அடிப்படைச் சட்டம் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வாடகை வீட்டை நல்ல திருத்தத்திலும் குடியிருக்கத் தகுந்த நிலையிலும் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டு உடைமையாளரிடம் கொடுக்கிறது. குறை இருப்பதை அறிந்துகொண்டுதான் குடிவந்தார் என்றாலும் அந்தப் பொறுப்பு நீங்காது என்கிறது. பேஸ்மென்ற் என்று தெரிந்துதானே வந்தீர்கள் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. குறை நடைமுறையில் இருக்கிறது. ரொறன்ரோ 2017 யூலையில் தொடங்கிய ரென்ற்சேஃப்-ரிஓ என்ற கட்டடப் பரிசோதனைத் திட்டம் மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத கட்டடங்களுக்கு மட்டுமே. ஸ்காபரோவின் பேஸ்மென்ற்றுகள் அதன் வழமையான பரிசோதனைக்குள் வருவதில்லை. அங்கிருப்பவர் நகரசபையின் 311 இலக்கத்துக்குத் தானே அழைத்து முறையிட்டால்தான் உத்தியோகத்தர் வருவார். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாண வாடகைச் சபைக்கு, திருத்தவேலை முறைப்பாட்டுக்கான ரி6 படிவத்தில் போகலாம்; ஆனால் ஒன்ராறியோக் குறைகேள் அதிகாரி போல் டுபே 2023 மேயில் வெளியிட்ட அறிக்கையின்படி அந்தச் சபையில் 38,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன, வாடகைக்காரர்களின் வழக்குகள் இரண்டு வருடம் வரை இழுத்தன. இரண்டு வருடம் என்பது ஒரு குழந்தையின் நுரையீரல் வளர்ச்சியில் சிறிய காலமல்ல. இதற்கு மேல் அச்சம். குடியிருப்பவர் வெளியேறியதும் அடுத்தவரிடம் எவ்வளவு வாடகையும் கேட்கலாம் என்பதால், பழைய குறைந்த வாடகையில் இருப்பவர் முறைப்பாடு செய்ய அஞ்சுகிறார். முறைப்பாடு குறைவாக வருவதைக் காட்டிப் பிரச்சினையே குறைவு என்று சொல்பவர்கள் இந்த அச்சத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எங்கள் சமூகத்துக்குள்ளிருந்து வரும் மறுப்பு ஒன்றுக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுபவர் பெரிய முதலாளி அல்ல; இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டுபவர், அந்த வாடகை இல்லாவிட்டால் வீடே கையை விட்டுப் போகும் நிலையில் உள்ளவர். அத்திவாரத்துக்கு வெளியே தோண்டி நீர்த்தடுப்புப் பூசப் பல ஆயிரம் டொலர் வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் எல்லா ஈரமும் அந்தச் செலவைக் கேட்பதில்லை. பீலியை நீட்டி வீட்டிலிருந்து தள்ளிக் கொட்டவைப்பது, முற்றத்து மண்ணை வெளிப்பக்கம் சரிப்பது, குளியலறை ஃபேனின் காற்று உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பார்ப்பது, ஈரநீக்கி ஒன்று வாங்கி ஓடவிடுவது எல்லாம் சில நூறு டொலர்களுக்குள் முடியக்கூடியவை. வெள்ளத்தைத் தடுக்கும் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் நகரசபை வீட்டுச் சொந்தக்காரருக்கு உதவிப்பணம் தருகிறது. இவற்றுக்குப் பதிலாகப் பிளீச் போத்தலை வாடகைக்காரர் கையில் கொடுப்பதுதான் வழக்கம். பூஞ்சணத்துக்குப் பிளீச் தேவையில்லை, சவர்க்காரத் தண்ணீர் போதும் என்கின்றன கனேடிய அரச வழிகாட்டல்கள். பிளீச்சின் ஆவி ஆஸ்துமா உள்ளவரின் மூச்சை இன்னும் இறுக்கும். தண்ணீர் வரும் வழி திறந்திருக்கும்வரை எதைப் போட்டுத் துடைத்தாலும் மறுபடி முளைக்கும். ஊரிலும் மாரியில் சுவர் ஈரந்தானே, யாருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களும் உண்டு. ஊர் வீட்டுக்குக் கதவும் யன்னலும் பகலெல்லாம் திறந்தபடி, விறாந்தை உண்டு, சுண்ணாம்புச் சுவர் நனைந்து மறுபடி காயும், வெயில் வந்ததும் மெத்தையை முற்றத்தில் போடலாம். இங்கே பிள்ளை தன் நாளில் பத்தில் ஒன்பது பங்கை மூடிய வீட்டுக்கும் வகுப்பறைக்கும் உள்ளே கழிக்கிறது. ஊரின் அனுபவத்தை வைத்து இந்தச் சுவருக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஆகவே வாடகைக்கு இருப்பவர்களே, வெட்கப்படாதீர்கள். சுவரைப் படம் எடுங்கள், திகதியோடு எழுத்தில் அறிவியுங்கள், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்போது நிறுத்துவீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிள்ளைக்கு இருமல் விடாவிட்டால் வைத்தியரிடம் இன்ஹேலருக்கு மட்டும் போகாமல் சுவரையும் சொல்லுங்கள், அதைப் பிள்ளையின் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்; பின்னால் வாடகைச் சபையில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. தமிழ் வைத்தியர்கள், இழுப்போடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் வீட்டைப் பற்றிக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். 2026 ஒக்ரோபர் 26இல் ரொறன்ரோ நகரசபைத் தேர்தல். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், தமிழராக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், பேஸ்மென்ற் வீடுகளையும் பரிசோதனைக்குள் கொண்டுவருவீர்களா, ஈரத்தைத் திருத்த நாட்கணக்கில் கெடு விதிப்பீர்களா என்று கேளுங்கள்.